ஃபியூஸ் சொல்லும் சேதி



கப்பலூர் சுங்கச்சாவடியையும் சிட்கோ தொழிற்பேட்டையையும் ஒட்டிய சாலைகளில் மின்சார ஸ்கூட்டர் இன்று புதுமையான பொருளன்று. 250 வாட் திறனையும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டாத வண்டிக்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. பெட்ரோல் செலவும் இல்லை. குறைந்த ஊதியத்தில் குடும்பம் நடத்தும் உஸ்தாதுமார்களுக்கு இது பெரிய உதவி. வாங்கும்போது பேட்டரியைப் பற்றி விசாரிக்கிறோம். இருக்கைக்கு அடியிலோ கால்வைக்கும் பலகைக்குக் கீழோ இருக்கும் கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டியைப் பற்றிக் கேட்பவர் அரிது.

பேட்டரியின் மின்சாரத்தை மூன்று தடித்த ஒயர்களின் வழியே முறைமாற்றி அனுப்பிச் சக்கரத்திலுள்ள மோட்டாரைச் சுழற்றுவது இப்பெட்டியின் பணி. உள்ளே மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணுச் சுவிட்சுகள் ஒயருக்கு இரண்டாகக் குறைந்தது ஆறு இருக்கும். அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. ஓர் இணையின் இரண்டும் ஒருசேரச் செயலிழந்து ஒட்டிக்கொண்டால் பேட்டரியின் நேர்முனையும் எதிர்முனையும் நேராகச் சேர்ந்துவிடும். அதுவே ஷார்ட் சர்க்யூட். அந்நேரத்தில் தன்னை அழித்துக்கொண்டு வண்டியைக் காப்பது ஃபியூஸ்.

நமது மத்ரஸாவுக்குத் திருமங்கலத்திலிருந்து வந்து செல்லும் உஸ்தாது ஒருவரின் வண்டி, மழை பெய்த மறுநாள் நடுவழியில் குலுங்கி நின்றது. சக்கரம் யாரோ பிடித்து இழுப்பது போல இறுகியது, ஃபியூஸ் போயிருந்தது. ஒரு பட்டறையில் புதிய கண்ட்ரோலர் பொருத்தினார்கள். இரண்டாம் நாளே அதுவும் எரிந்தது. “ஃபியூஸ் இடத்தில் இரண்டு இழை செம்புக் கம்பியைச் சுற்றிவிடுங்கள், ஹஜ்ரத், ஓடும்” என்று ஆலோசனையும் கிடைத்தது. அதை ஏற்காமல், மின்பணி அறிந்த முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்து வண்டியை நிதானமாகச் சோதித்தோம்.

முதலில் சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்தோம். கண்ட்ரோலரிலுள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதே காரணம். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றையும் கழற்றி வைத்தோம். பின்னர்ச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றினோம். விட்டுவிட்டு இறுகியது. சுழலும் மோட்டார் சைக்கிள் டைனமோவைப் போல மின்சாரம் உண்டாக்கும். அது ஷார்ட் ஆன பாதையில் ஓடிச் சக்கரத்தையே தடுக்கும்.

அடுத்து மூன்று தடித்த ஒயர்களையும் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைத்து மீண்டும் சுற்றினோம். சக்கரம் இலகுவாகச் சுழன்றிருந்தால் பழுது கண்ட்ரோலரில் மட்டுமே. இங்கோ இறுக்கம் நீங்கவில்லை. ஆக, மோட்டார் பக்கமும் கோளாறு. மல்டிமீட்டரால் கண்ட்ரோலரின் மூன்று ஒயர்களையும் பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களோடு ஒவ்வொன்றாக அளந்தோம். ஓரிடத்தில் ஏறத்தாழச் சுழியம் காட்டியது, மாஸ்ஃபெட் செத்திருந்தது. மோட்டாரின் மூன்று ஒயர்களுக்கு இடையே மீட்டர் வைப்பதில் பயனில்லை. நல்ல சுருளும் சுழியத்தை ஒட்டியே காட்டும். கையால் சுற்றிப் பார்ப்பதே அங்கே தெளிவான சோதனை.

மூலகாரணம் சக்கர அச்சில் இருந்தது. நட்டு தளர்ந்து அச்சு சற்றே திரும்பியதால், அதன் துளை வழியே வெளிவரும் ஒயர்கள் முறுகி உறை தேய்ந்து, மஞ்சளும் பச்சையும் செம்போடு செம்பாகத் தொட்டுக்கொண்டிருந்தன. மழைநீரும் இறங்கியிருந்தது. நோய் அங்கிருக்க, மாற்றும் கண்ட்ரோலர் ஒவ்வொன்றும் எரியத்தான் செய்யும். ஒயர்களைச் சீர்செய்து ஒவ்வொன்றுக்கும் தனி உறை போட்டோம். அச்சு திரும்பாதபடி பூட்டு வாஷர் வைத்து நட்டை இறுக்கினோம். நீர் உள்ளே வழியாமல் கீழே சொட்டும்படி ஒயரைத் தொங்கலாக வளைத்துக் கட்டினோம். அதன் பிறகே வேறு கண்ட்ரோலரும், குறித்த அளவுள்ள ஃபியூஸும் பொருத்தப்பட்டன.

செம்புக் கம்பி யோசனையை ஏற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஃபியூஸ் உருகாத இடத்தில் ஒயர் உருகும்; அதன் அருகிலேயே பேட்டரி இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏற்றப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அது கண்ட்ரோலர் பழுது என்று நாம் சொல்லவில்லை. இவ்வண்டியின் தீ எவ்வளவு கொடியது என்பதற்கே அதை நினைவூட்டுகிறோம். அடுத்த மாதமே ஒகினாவா நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்து, பேட்டரியில் தளர்ந்த இணைப்போ சேதமோ உண்டா என்று சோதிக்க முன்வந்தது. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளும் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆனால் நம் வீட்டு வாசலில் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றும் கையை எந்த விதி வந்து தடுக்கும்?

ஆகவே, ஃபியூஸ் ஒருமுறை போனால் மாற்றுங்கள். மறுமுறையும் போனால் வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். பழுதான வண்டியை வீட்டுக்குள் சார்ஜில் போடாதீர்கள். வெளியேறும் ஒரே வழியில் எந்த வண்டியையும் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றாதீர்கள். பட்டறைக்காரரிடம் “எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்பதற்கு முன் “ஏன் எரிந்தது?” என்று கேளுங்கள். வண்டியில் பின்னால் அமரும் பிள்ளையும், வீட்டில் உறங்கும் பெற்றோரும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். நூறு ரூபாய்க்கும் குறைவான ஃபியூஸை மிச்சப்படுத்த அவர்களைப் பணயம் வைக்கலாகாது.

அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.