ஓபி சீட்டுல நான் எழுதாம விட்டது

மாசாமாசம் பிபி, சுகர் மாத்திரை வாங்க எங்க ஓபிக்கு ஒரு அம்மா வருவாங்க. அறுபதைத் தாண்டியவங்க. முதல்ல தொழிலாளர் நீதிமன்றத்துல வக்கீல், அப்புறம் ஒரு கம்பெனியில எச்.ஆர்., கடைசியா சட்டக் கல்லூரிப் பேராசிரியர்.

"ஏம்மா இத்தனை வேலை மாறினீங்க?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"வக்கீலா இருந்தப்ப, வேலை போன பிறகுதான் என்கிட்ட வருவாங்க. கேஸ் முடிய வருஷக்கணக்காகும். போறதுக்கு முன்னாடியே தடுக்கலாம்னு எச்.ஆருக்குப் போனேன். சிலதைத் தடுத்தேன். சில வேலைநீக்கக் கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டேன் தம்பி. நாளைக்குக் கையெழுத்துப் போடப்போற பிள்ளைங்களுக்காவது சொல்லிக்கொடுப்போம்னு காலேஜுக்கு வந்தேன்."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. ஏழு மாச கர்ப்பம், பிபி அதிகம். ஓபி சீட்டுல 'ரெஸ்ட்'னு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை வந்தப்ப சொன்னாங்க: "நீங்க ரெஸ்ட்டுன்னு எழுதினீங்க சார், அவங்க ஒரேடியா ரெஸ்ட் குடுத்துட்டாங்க."

மாத்திரையை மாத்தி எழுதினேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

யாருன்னு சொல்லாம அந்த அம்மாகிட்ட இதைச் சொன்னேன்.

"எத்தனை நாள் ரெஸ்ட்? எதுக்காகன்னு எழுதினீங்களா?"

எழுதல.

ஓபி முடிஞ்சதும் எனக்குப் பாடம் நடந்துச்சு. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1961 பேறுகால உதவிச் சட்டம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும். 2017 திருத்தத்துல முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரம் ஆச்சு. அந்த விடுப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பக் கூடாது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டுன்னு டெல்லி மாநகராட்சி வழக்குல உச்ச நீதிமன்றம் 2000-லயே சொல்லிடுச்சு.

"இன்னொண்ணு கேளுங்க தம்பி. கர்ப்பத்தால நோய் வந்தா, கூடுதலா ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட விடுப்பு. ஆனா அதுக்கு ஆதாரம் காட்டணும். நீங்க எழுதுற சீட்டுதான் அந்த ஆதாரம்."

எம்.பி.பி.எஸ்.ல சர்டிபிகேட் எழுதக் கத்துக்கிட்டேன். அதை வாங்கிட்டுப் போறவங்க அதை எங்கே, யார்கிட்ட நீட்டுவாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. மூணு வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு.

இப்போ என்ன பிரச்சினை, பிரசவத் தேதி, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு, என் பதிவு எண், சீல் எல்லாம் வச்சுதான் கொடுக்கிறேன். கூட ரெண்டு நிமிஷம் ஆகுது, அவ்வளவுதான்.

வேலைக்குப் போற கர்ப்பிணிகளே, உங்க டாக்டர் வெறும் 'ரெஸ்ட்'னு எழுதினா, சீட்டைத் திருப்பிக் கொடுத்து இதையெல்லாம் கேட்டு வாங்குங்க. ஒரு நகல் எடுத்து வீட்ல வச்சுக்கோங்க.

போன வருஷம் வந்த அந்தப் பொண்ணுக்கு இது ரொம்ப லேட். அடுத்து வர்றவங்களுக்காவது உதவட்டும்.