முத்துச்சிப்பி மின்னும் பேராலயம்

பசிபிக் பெருங்கடலில், தாகித்தித் தீவுக்குத் தென்கிழக்கே சுமார் 1600 கிலோமீட்டர் தொலைவில் காம்பியே தீவுகள் உள்ளன. விமானம் உங்களைப் பவளத்திட்டு ஒன்றில் இறக்கிவிடும். அங்கிருந்து படகேறி மாங்கரேவா தீவின் ரிக்கித்தேயா கிராமத்தை நெருங்கும்போது, பசுமையான மலையடிவாரத்தில் இரட்டைக் கோபுரங்களுடன் ஒரு வெண்ணிற ஆலயத்தைக் காண்பீர்கள். அதுவே புனித மிக்கேல் பேராலயம். இன்று அங்கே ஆயர் எவரும் இல்லை. பாப்பேத்தே உயர்மறைமாவட்டத்திற்கு உட்பட்டிருந்தும் பேராலயம் என்றே அது அழைக்கப்படுகிறது.

இத்தீவுகளை 1797-ல் முதலில் கண்ட ஐரோப்பியர், லண்டன் மிஷனெரி சங்கத்தின் 'டஃப்' கப்பலில் சென்றவர்கள். ஆயினும் 1834-ல் வந்திறங்கிய பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமாராகிய ஒனோரே லவாலும் பிரான்சுவா காரேயுமே இங்கு ஊழியத்தை நிலைநாட்டினர். 1836-ல் அரசன் மாப்புத்தேயோவா திருமுழுக்குப் பெற்றான்.

1839-ல் கட்டுமானம் தொடங்கியது. தீவு மக்களே கடலிலிருந்து பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுமந்தனர். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். பலிபீடத்தை முத்துச்சிப்பியால் இழைத்தனர். ஏறக்குறைய 1200 பேர் அமரக்கூடிய இவ்வாலயம், 2011-ல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ளது. இன்று தீவுக்கூட்டத்தின் மக்கள்தொகையோ சுமார் 1500 மட்டுமே!

அன்பானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஆலயம் உயர்ந்த அந்நூற்றாண்டிலேயே அதைக் கட்டிய ஜனம் மெலிந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் அவர்கள் சில நூறு பேராகக் குறைந்தனர். கப்பல்கள் கொண்டுவந்த நோய்களே காரணம் என்பர் சிலர். லவாலின் கடுமையான ஆளுகையும் ஓயாத கட்டுமான வேலையும் காரணம் என்பர் வேறு சிலர். பிரெஞ்சு அதிகாரிகளே அவர்மேல் குற்றம் சாட்டினர். 1871-ல் அவர் தாகித்திக்கு மாற்றப்பட்டார். அந்த வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

ஆயினும் எஞ்சியோர் ஆலயத்தைக் கைவிடவில்லை. முத்து வளர்த்துப் பிழைக்கும் அவர்களுடைய சந்ததியார் ஞாயிறுதோறும் அங்கே கூடித் தங்கள் மொழியிலும் பாடுகின்றனர்.

ஊர்விட்டு நகரங்களுக்கு வந்து, வாடகை அறைகளிலிருந்து சொந்த ஆலயத்திற்கு ஏங்கும் சபையாரே, தேவனுக்கென்று கட்டுவது நல்லதே. ஆனால் கல் சுமக்கிறவனின் தோளையும் அவன் வீட்டு அடுப்பையும் விசாரித்துக்கொண்டே கட்டுங்கள். கட்டடம் எழும்பும் நாளில் ஜனமும் அதற்குள் வாழ்ந்திருக்கவேண்டுமல்லவா?