மூக்கும் அடுப்பும்

எங்கள் குடும்பத்துச் சம்பிரதாயப்படி ஆண்பிள்ளை சமையலறைக்குள் நுழைவது இரண்டே காரியங்களுக்குத்தான்: ஒன்று, காபி கேட்க; இன்னொன்று, குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்ல. இந்தச் சம்பிரதாயத்தை நான் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பல் பிரஷ்ஷும் குண்டூசியுமாகக் காஸ் அடுப்பின் முன் நிற்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இது என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். காரணம், என் தாயாரின் மூக்கு.

அது சாமானியமான மூக்கல்ல. கூடத்தில் உட்கார்ந்தபடியே பக்கத்து வீட்டு ரசத்தில் பெருங்காயம் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்ன மூக்கு. 2021-இல் கொரோனா வந்து அம்மாவைப் பத்து நாள் படுக்கையில் போட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, கூடவே வாசனை தெரிவதும் போயிற்று. முதலிரண்டைப் போலவே மூன்றாவதும் திரும்பி வரவில்லை.

"ஊதுவத்திச் செலவு மிச்சம்" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொந்த வாசனை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. நம்மை முகம் சுளிக்க வைக்கும் அந்த நாற்றம், எத்தில் மெர்க்காப்டன் என்ற சரக்கை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், நியூ லண்டன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வாசனையே இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் அந்த மாகாணத்தில் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். ஆபத்து வந்தால் அது மூக்கைக் கூப்பிட்டுச் சொல்லும்படி ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு மூக்கு ஏன் என்று கேட்காவிட்டால்?

வெளியூரிலிருந்து தங்கை டெலிபோனில் உத்தரவு போட்டாள்: "அம்மாவை அடுப்புப் பக்கமே விடாதே, அண்ணா." நான் அதை மெதுவாக அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் காலையில் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?" என்றாள். 78 வயதுக்காரி கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே, அம்மாவைத் திருத்துவதை விட்டுவிட்டு அடுப்பைத் திருத்துவது என்று தீர்மானித்தேன்.

அடுப்புக்கு முதல் விரோதி பால். பொங்கி வழிகிற பால் தீயை அணைத்துவிடும். காஸோ நிற்காமல் வந்துகொண்டிருக்கும். மற்ற வீடுகளில் பால் தீயும் வாசனைக்கே நாலு பேர் ஓடி வருவார்கள். எங்கள் வீட்டில் அம்மா இப்போது பால் பொங்கும் வரை அடுப்படியை விட்டு நகருவதில்லை. வழிந்த பால் காய்ந்து பர்னரின் துளைகளை அடைத்தால், தீ ஒரு பக்கம் எரிந்து மறு பக்கம் எரியாது.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகுதான் பர்னரைத் தூக்குவேன். புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் பித்தளைக்குக் கல்யாணக்களை வந்துவிடும். துளைகளைக் குண்டூசியால் குத்தி, கழுவி, ஈரம் போகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். அடுப்பின் உடம்புக்கு ஈரத்துணி போதும். சிலர் அதற்குக் குடம் குடமாக அபிஷேகம் செய்கிறார்கள், தண்ணீர் உள்ளே குழலில் இறங்கிவிடும். காஸ் பீறி வரும் அந்தச் சின்னஞ்சிறு ஜெட்டின் கண்ணில் மட்டும் நான் ஊசியை விடுவதில்லை. துவாரம் பெரிதானால் காஸ் அதிகம் வரும். காற்றுப் போதாமல் தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி ஏறும், கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகும். இந்த விஷ வாயு விஷயத்தில் அம்மாவும் நாமும் சமம். எந்த மூக்குக்கும் அது எட்டாது.

ஒரு சமயம் அடுப்பின் திருகு இறுகிப்போய், ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார். வேலையை முடித்துவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சியை எடுத்தார். நான் தடுத்துச் சோப்புத் தண்ணீரை நீட்டினேன்.

"எதற்கு சார்? லீக் இருந்தால் வாசனை வருமே!"

"எனக்கு வராதேப்பா" என்றாள் அம்மா, வாசற்படியில் நின்றபடி.

அவர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவினார். குழாய் அடுப்போடு சேருகிற இடத்தில் ஒரு குமிழி மெல்லப் பருத்தது, உடைந்தது, மறுபடி பருத்தது. மிளகளவுதான் இருக்கும். மூவருமே அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுக் குழாய் மாட்டிவிட்டு, ஐந்து வருஷத்துக்கு மேல் இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னவர், கூலியில் பத்து ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

கசிவைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்றையும் வாங்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டினேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தவழும். "இவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறாயே, பூனைக்கா?" என்று அம்மா விசாரித்தாள். ஆனாலும் தினமும் குனிந்து அதன் பச்சை விளக்கைப் பார்க்கத் தவறுவதில்லை.

போன வாரம், கசிவுக்கு அவசரமாகக் கூப்பிடவேண்டிய 1906 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கருவி கத்தினால் விளக்கு ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும், வெளியிலிருந்துதான் டெலிபோன் செய்ய வேண்டும் என்று பாடமும் நடத்தினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வெளியே போய்த்தானே பேச வேண்டும்? பின்னே நம்பரை ஏன் உள்ளே ஒட்டியிருக்கிறாய்?" என்றாள்.

காகிதத்தைப் பிய்த்து வாசல் திண்ணைச் சுவரில் ஒட்டினேன்.