ஊற்றடி

“கரையால நடந்து போகப் போறியா? பத்து மணிக்கு மண் சுடும் மச்சான். நில்லு, பொடியன்ட திரீவீலரக் கூப்பிடுறன்.”

வேண்டாம் என்றேன். மச்சான் கொஞ்ச நேரம் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தொப்பியும் ஒரு போத்தல் தண்ணீருமாக வந்தான். என்னைத் தனியே விட அவனுக்கு மனமில்லை. 1991இல் கற்பிட்டிக் கரையின் தலவிலயை விட்டுப் போனவன் நான், 2025 பெப்ரவரியில்தான் திரும்பி வந்திருக்கிறேன். கையில் வழிகாட்டியோடு வருகிற வெள்ளைக்காரனைப் போலத்தான் அவன் என்னைப் பார்த்தான்.

போக நினைத்த இடம் ஊற்றடி. எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் இல்லை, எங்கள் குடும்பங்களின் வாயில் மட்டும் இருந்தது. கோவிலடியிலிருந்து தெற்கே, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். இப்போது விடுதிக்காரர்கள் வெளிநாட்டவரை அங்கே கூட்டிப்போகிறார்களாம். “ஆளில்லாத கடற்கரை” என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று மச்சான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

அன்னம்மாள் கோவில் முன்றலில் பங்குனித் திருவிழாவுக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு பெருநாள், மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மார்ச்சில் வருகிறவர்கள் குளத்தைப் போன்ற கடலைப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு வேறு கடல். சோளகக் காற்றில் பூசை முடியும்வரை இரைச்சல் ஓயாது. கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஒரு போர்த்துக்கீச வியாபாரி அன்னம்மாளின் சுரூபத்தை ஆலமரத்தடியில் வைத்துப் போனான், பிழைத்தால் கோவில் கட்டுவேன் என்று நேர்ந்தான் என்பது கதை. மன்னாரிலிருந்து நடந்து வந்த ஏழைப் போர்த்துக்கீசன் மரத்தடியில் கண்ட கனவு என்பது இன்னொரு கதை. அம்மா இரண்டையும் கலந்து சொல்வாள். எப்படிச் சொன்னாலும் கதையில் வருகிறவன் களைத்துப்போன பரதேசிதான்.

கரையோரம் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. உலர்ந்த மணலில் கால் புதையும், அலை நக்கிய ஈர விளிம்பில்தான் பாரம் தாங்கும். மேட்டுப் பக்கம் ஒதுங்கினால் அடம்பன் கொடி காலைத் தடுக்கும், இராவணன் மீசை குத்தும். இதெல்லாம் எனக்கு மறந்திருக்கும் என்று மச்சான் நினைத்திருப்பான். சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

நான் போய்க் குடியேறிய இத்தாலியின் பலெர்மோவில் நடக்காத ஞாயிறு குறைவு. அங்கே மொந்தெ பெல்லெக்ரினோ என்று ஒரு மலை, அதன் குகைக்குள் சாந்தா ரொசாலியா. ஊர்க்காரருக்கு இணையாகத் தமிழரும் அந்தக் கல் பாதையில் ஏறுகிறார்கள், சைவர்களும்தான். அந்த மலையின் காலடியில் மொந்தெல்லோ கடற்கரை, கோடையில் துவாய் விரிக்க இடம் கிடைக்காது. முதல் வருடம் மலையில் ஏறும்போது, “இது அன்னம்மாளுக்கு” என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். இங்கே நடக்கும்போது ரொசாலியா நினைவு வந்தது. யாருக்கு என்ன நேர்ந்தேன் என்பது குழம்பிவிட்டது.

அரை மணி கழித்து ஒரு கரைவலை. வள்ளம் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, கடலில் அரைவட்டம் அடித்து வலையை இறக்கி, மறு கயிற்றோடு கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்து, நெருங்கி நெருங்கி வந்து கடைசியில் மடியைக் கரையேற்றுவார்கள். எங்கள் காலத்தில் ஒரு வலைக்கு நாற்பது பேர் வேண்டும், அம்பா பாடித்தான் இழுப்பார்கள். இன்று ஒரு உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுத்தது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஒருவன் போனில் சிங்களப் பாட்டுப் போட்டிருந்தான். மடியில் சூடையும் கொஞ்சம் கீரியும். “நாரி தப்பிச்சுது” என்றான் மச்சான், உழவு இயந்திரத்தைப் பார்த்து. எனக்குத்தான் அம்பா இல்லாதது குறையாகத் தெரிந்தது, இழுத்த நாரி அவனுடையது.

அந்த நாற்பது பேர் வாடி போட்டுத் தங்கிய இடம்தான் ஊற்றடி. ஒக்டோபரில் வருவார்கள், கடல் கலங்கத் தொடங்கும் சித்திரையோடு கிடுகைச் சுருட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவார்கள். அரை வருடம் நாய், கருவாட்டு நாற்றம், பிள்ளைகளின் கூச்சல். மீதி அரை வருடம் காற்று மட்டும். ஆளில்லாத கரை என்று அதை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்கள் கிழக்கே போயிருக்கிறார்கள் என்போம்.

1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பெரிய பானையில் சோறு வடித்து அம்மா அனுப்பினாள், சைக்கிளில் கொண்டுபோனவன் நான். வாங்கிய ஒரு பெரியவர் எங்கள் ஊர்ப் பெயரை இரண்டு தரம் கேட்டார், திரும்பிப்போகும்போது வந்து பார்ப்பதற்காம். ஆலங்குடாப் பக்கம் முகாம்கள் எழுந்தன. கிடுகுக் கொட்டில் மண் சுவராகி, சிலருக்குக் கல்வீடும் ஆயிற்று. அந்தப் பெரியவர் போனாரோ என்னவோ, அடுத்த வருடம் நானே போய்விட்டேன். என்னை ஒருவரும் விரட்டவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு நடக்க நடக்க உயர்ந்தது. கட்ட வந்தபோது மீனவரும் குருமாரும் எதிர்த்தார்கள். 2011இல் முதல் இயந்திரம் ஓடியது, 2014க்குள் மூன்றுமாக 900 மெகாவோற். நாட்டுக்கு அது வேண்டியிருக்கலாம். இரவில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கரை பிடிக்கலாம் என்கிறான் மச்சான். அவனுக்கு அதன்மேல் கோபமும் இருக்கிறது, பழக்கமும் ஆகிவிட்டது.

இடையில் அவனுக்குப் பேரன் போன் எடுத்தான். “சீயா” என்று கேட்டது. மச்சான் சிங்களத்திலேயே பதில் சொன்னான். மச்சானுடைய தாத்தா சிங்களம் தெரியாமலே செத்தவர். நீர்கொழும்பு, சிலாபம் கரையில் கத்தோலிக்கப் பள்ளிகள் சிங்களத்துக்கு மாறிய கதை பழையது, எங்கள் பக்கம் அது ஆறுதலாக வந்து சேர்ந்தது. “செபம் தமிழிலதான் சொல்றன்” என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

தாழம்புதர் ஒன்றைத் தாண்டியதும் ஊற்றடி. வாடி இருந்த மேட்டில் தென்னங்குற்றிகள் மட்டும். ஒரு வெளிநாட்டுச் சோடி துணிக்கூடாரத்தின் நிழலில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அந்தப் பெண் சிரித்தாள், அவள் வீட்டு முற்றத்துக்குள் நாங்கள் வந்துவிட்டதைப்போல.

பூவலை, அந்தத் தண்ணீர்க் குழியைத் தேடினேன். கற்பிட்டி நிலம் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிற மணல் நாக்கு. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். ஆழத் தோண்டினால் உவர், கையளவு தோண்டினால் நல்ல தண்ணீர். நாற்பது பேரையும் அந்தப் பேராசையில்லாத குழிதான் காப்பாற்றியது. இப்போது அது தூர்ந்து, அடம்பன் மூடிக் கிடந்தது.

மச்சான் குந்தியிருந்து சிரட்டையால் தோண்டினான். முழங்கை அளவில் மண் கறுத்தது, பிறகு கசிந்தது. தெளியும்வரை காத்திருந்தோம். அள்ளி வாயில் வைக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டான்.

“குடிக்காத. வெங்காயத் தோட்டத்துப் பசளை எல்லாம் இதுக்குள்ளதான். நாங்களே காசு குடுத்துத்தான் வாங்குறம்.”

போத்தலை நீட்டினான். அதைக் குடித்தேன். சிரட்டைத் தண்ணீரால் முகத்தைக் கழுவினேன், குளிர்ச்சி மட்டும் அதே குளிர்ச்சி. புறப்படும்போது குழியை மூட மண்ணைத் தள்ளினேன்.

“கிடக்கட்டும் விடு,” என்றான். “நாய் குடிக்கும்.”