மடியில் தூங்கும் ராஜ வம்சம்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் துணை டாஃபிதான். காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், தொங்கும் காதுகள், உருண்டைக் கண்கள். எடை எட்டுக் கிலோ. காவலுக்கு லாயக்கில்லை, திருடன் வந்தாலும் வாலாட்டுவான். நாம் உட்கார்ந்தால் போதும், மடி அவனுக்குச் சொந்தம்.

மடி ஆசை பரம்பரை வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இந்த மாதிரிச் சின்ன ஸ்பானியல்கள் என்றால் உயிர். ஆலோசனைக் கூட்டத்திலும் மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் சலித்துக்கொள்கிறார். பின்னாளில் சப்பை மூக்கு நாய்கள் மேல் மோகம் வந்து, பழைய நீள மூக்கு அருகிப்போனது. 1926-ல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் இருப்பது போன்ற நாய்க்கு 25 பவுண்டு பரிசு என்று கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். 1928-ல் இந்த இனத்துக்கென்று சங்கம் அமைந்தது. 1945-ல் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

மீட்டெடுத்தது நல்லதுதான். ஆனால் மிகச் சில நாய்களிலிருந்தே பெருகிய வம்சம். நோயும் கூடவே பெருகியது. இதயத்தின் மைட்ரல் வால்வு சீக்கிரமே பழுதாகிறது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதி நாய்களின் இதயத்தில் இரைச்சல் கேட்கும் என்கிறார்கள். மூளைக்கு மண்டையில் இடம் போதாமல் கழுத்து வலியால் தவிப்பவையும் உண்டு. 2023-ல் நார்வே உச்ச நீதிமன்றம், இந்த இனத்தை இப்போதுள்ளபடி பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றே தீர்ப்புச் சொன்னது.

டாஃபிக்கு ஏழு வயதில் இரைச்சல் கேட்டது. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார் மருத்துவர். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும். எண்ணும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. தினமும் இரவு நோட்டில் எழுதுவேன்: 22, 24, 21. 27 வந்த இரவில் எனக்குத்தான் தூக்கமில்லை. மறுநாள் மறுபடி 23.

மற்ற பராமரிப்பு சிரமமில்லை. வாரம் மூன்று நான்கு முறை முடி சீவ வேண்டும். காதை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை நல்லது. உடம்பு பெருக்க விடக்கூடாது. கெஞ்சும் கண்களுக்கு முன்னால் இதுதான் கஷ்டம். கேசரியில் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷம் என்பதால், பேத்தியின் கிண்ணத்தின் மேலும் ஒரு கண் வைத்திருப்பேன்.

நம் ஊரிலும் இப்போது இந்தக் குட்டிகளை விற்கிறார்கள். பேரன் பேத்தி ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு அன்பான நாய் கிடைப்பது அரிது. ஆனால் விலை பேசுமுன், தாய் தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா, இணை சேர்த்தபோது இரண்டரை வயதாவது ஆகியிருந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், குட்டியின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பார்த்துவிட்டால் வாங்காமல் வர முடியாது.