அந்த நீல ஸ்கார்ஃப்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1993. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி திடீரென்று நீல ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். காலை வழிபாட்டில், "யூனிஃபார்மில் இது கிடையாதே, அவிழ்" என்றேன். அவிழ்த்தாள். தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று நான்கு வட்டங்கள், வழவழவென்று. பின்வரிசையில் சிரிப்பு. "புழுவெட்டும்மா. சின்ன வெங்காயம் நறுக்கித் தேய்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

போன மாதம் என் பேத்தியின் தலையில் அதே வட்டம். அவளுக்கும் பதிமூன்று வயது.

தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களே மயிர்க்கால்களைப் பகையாக நினைத்துத் தாக்குகின்றன. பெயர் அலோபீசியா ஏரியேட்டா. மயிர்க்கால் செத்துப்போவதில்லை, தாக்குதல் நின்றால் முடி திரும்ப வரலாம்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன்.

தலை முழுக்கக் கொட்டியவர்களுக்கு வெகுகாலம் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு பேர் சண்டை போட்டதற்குப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடுவதுபோல, அது எதிர்ப்புச் சக்தி மொத்தத்தையும் அடக்கும். நாள்பட்டுச் சாப்பிட்டால் உடல் பருக்கும், எலும்பு தேயும், பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படும்.

2014-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஏஞ்சலா கிறிஸ்டியானோவுக்கே இந்த நோய் உண்டு. வெள்ளணுக்களுக்கு "தாக்கு" என்ற செய்தியைக் கடத்தும் ஜாக் என்னும் நொதிகளைத் தடுத்தால் முடி வளர்கிறது என்று எலிகளிடமும், பிறகு மூன்று நோயாளிகளிடமும் கண்டார்கள். 2022 ஜூனில் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கு மட்டும். அதிக அளவு மருந்தை 36 வாரம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தலையில் குறைந்தது 80 சதவீதம் முடி இருந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் அதே நொதிகள்தான் காசநோய் போன்ற தொற்றுகளை எதிர்க்கவும் உதவுகின்றன. அதனால் இந்த மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்: கடும் தொற்று, ரத்தக்கட்டி, மாரடைப்பு, புற்றுநோய். இந்த எச்சரிக்கைக்குப் பெரும் காரணம், ஐம்பது வயதைத் தாண்டிய, இதயநோய் அபாயம் உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் இதே வகை மருந்து ஒன்றைக் கொடுத்து நடத்திய ஆய்வு. இளையவர்களுக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம். ஆனாலும் பல ஆண்டுகள் கவனித்தால்தான் உறுதியாகும். மருந்தை நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. அப்படியானால் ஒரு சிறுமி எத்தனை ஆண்டுகள் விழுங்க வேண்டும்? ஆகவேதான் எல்லாக் கதவையும் பூட்டாமல், வேண்டிய ஒன்றை மட்டும் பூட்டும் மருந்தைத் தேடுகிறார்கள். 2023-இல் பன்னிரண்டு வயது முதல் ஒப்புதல் பெற்ற ரிட்லெசிட்டினிப் அந்த வழியில் வந்தது. ஜாக்-3 நொதியைக் குறிவைப்பது. எச்சரிக்கைக் கட்டம் அதற்கும் உண்டு.

என் பேத்திக்கு இரண்டே வட்டங்கள். "இதற்கு அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம். களிம்பு தடவுங்கள், பல பேருக்குத் தானாகவே வளரும்" என்றார் மருத்துவர். இப்போது ஒரு வட்டத்தில் பூனைமுடி மாதிரி வெள்ளையாக முளைக்கிறது. தினமும் கண்ணாடி முன் நின்று பார்க்கிறாள்.

அவள் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீல ஸ்கார்ஃப் ஞாபகம் வருகிறது. 1993-இல் இந்த மாத்திரைகள் இல்லை. ஆனால் "இது உன் தப்பில்லை, கட்டிக்கொண்டே வா" என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டிருக்காது.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அன்று நான் செய்தது தவறு, அம்மா. மன்னித்துவிடு.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தலையை மூடிக்கொண்டு வந்தால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வழிபாட்டு வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள்.