ஊதாத விசில்

எங்கள் மரக்காணத்தில் கோடை மழை என்றாலே பலருக்கு முகம் வாடிவிடும். உப்பளத்து ஊர் அல்லவா! ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். ஆனால், என் அப்பா பயந்தது மழைக்கு அல்ல, இடிக்கு. மேற்கே முதல் உறுமல் கேட்டதுமே, உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். "உப்பு போனா மறுபடி விளையும்டா" என்பார்.

அந்த அப்பாவின் பிள்ளையான நான்தான், சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாத மாலையில் 22 பையன்களை வெட்டவெளியில் நிறுத்திவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று பக்கத்து ஊர்ப் பையன்களோடு மேட்ச். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். மேற்கே வானம் கறுத்து, இடி கேட்டது. மழை ஒரு சொட்டுகூட இல்லை. "ஏழு நிமிஷம்தாண்ணே இருக்கு, முடிச்சிடலாம்" என்றார்கள். எனக்கும் ஜெயிக்கிற ஆசை. விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை.

இரண்டாவது நிமிடம், மைதானத்தின் ஓரத்துப் பனைமரத்தில் இறங்கியது. காது அடைத்துப்போனது. மரத்தின் தலை பற்றி எரிந்தது. இரும்பு கோல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்த என் மகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அதன் பிறகு மின்னல் செய்தி எது வந்தாலும் விடாமல் படிக்கிறேன். 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஹாக்கி ஆடப் போனவர்கள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்க, மின்னல் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெரு நாட்டின் சில்காவில், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறும்போதே ஒரு கால்பந்து வீரர் பலியானார். அங்கே விசில் ஊதினார்கள்; ஆனால், நேரம் கடந்திருந்தது.

கணக்கு எளிது. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி. மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைமீதே விழலாம், மழை பெய்யாவிட்டாலும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மைதானத்தில் இறங்க வேண்டும். நடுவில் ஓர் இடி கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து 30 நிமிடம்.

எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள்; நிற்கிற ஆள்தான் உயரம். பனைமரம், ஓலைக் கொட்டகை எதுவும் ஆகாது. கான்கிரீட் கட்டடம் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய வேன். ரப்பர் ஷூ காப்பாற்றும் என்பது பொய். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதும் பொய். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும்.

இப்போது மேட்சுக்கு முன்பு, பந்தில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு, பக்கத்துக் கட்டடத்தின் சாவியையும் வாங்கிவைத்துக்கொள்கிறேன். போனில் 'தாமினி' ஆப் இருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும்.

போன மாதம் ஒரு மேட்ச். மேற்கே பளிச்சென்றது. ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் ஆட்டத்தை விட்டுவிட்டு வாய்விட்டு எண்ணினான். "அண்ணே, இருபத்தொண்ணு!" என்று கத்திவிட்டு, என் விசிலுக்குக்கூடக் காத்திராமல் கட்டடத்தை நோக்கி ஓடினான். ஊதினேன். எல்லோரும் ஓடினார்கள்.

"மழையே வரலையே சார், ரெண்டு நிமிஷம்..." என்றார் எதிர் டீம் கோச்.

"மேட்ச் போனா அடுத்த வாரம் ஆடிக்கலாம் சார்" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆடினோம். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். எல்லோரும் பசியோடு வீட்டுக்குப் போனார்கள்.